ஒரே வீட்டில் 12 வருடம் வாடகைக்கு இருந்தால் வீடு வாடகைக்காரருக்கே சொந்தமாகிவிடுமா?

ஆகாது. முதலில் நிம்மதியாக இருங்கள். பல வருடமாக ஒழுங்காக வாடகை தருபவரை, 12 வருடம் முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உறவுக்காரர் பயமுறுத்தியிருப்பார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

1963-ஆம் வருடத்துக் காலவரையறைச் சட்டத்தில் 12 வருடக் கணக்கு இருப்பது உண்மை. ஆனால் அது அனுபவ பாத்தியம், அதாவது பல வருடம் கையில் வைத்திருந்ததாலேயே வரும் உரிமை. அந்த உரிமை, உரிமையாளர் சம்மதம் இல்லாமல் ‘இது என்னுடையது’ என்று ஊரறிய வைத்திருப்பவருக்கானது. வாடகைக்கு வந்தவர் உங்கள் சம்மதத்தோடு வந்தவர். மாதாமாதம் வாடகை தரும்போதே வீடு உங்களுடையது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். 2019-இல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வாட்ஸ்அப்பில் திரித்து அனுப்புகிறார்கள். அனுபவ பாத்தியம் பெற்றவர் தானே வழக்குப் போடலாமா என்பதுதான் அங்கே கேள்வி. வாடகைக்காரருக்கு வீட்டை எழுதிக் கொடுத்த தீர்ப்பு இல்லை அது.

மதுரையில் எங்கள் மாடிப் போர்ஷனில் இருக்கும் டெய்லர் அண்ணன், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே குடிவந்தவர். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். “பன்னெண்டு வருசம் எப்பவோ தாண்டியாச்சு. இப்பவே கிளப்பலைன்னா வீடு போச்சு.” அம்மா பயந்தே போய்விட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. பீரோவில் அப்பாவின் வாடகை நோட்டு இருந்தது. வரிக்கு வரி தேதி, தொகை, அண்ணனின் கையெழுத்து. வாடகை கூடிய மாதங்களில் மட்டும் அப்பா சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார். வக்கீலிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, “இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்மா. பத்திரமா வைங்க” என்றார்.

அப்புறம் அம்மா பெயரும் என் பெயரும் சேர்த்துப் புது ஒப்பந்தம் போட்டோம். தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். 11 மாத அக்ரிமென்ட் என்றால் பதிவே வேண்டாம் என்று இன்னமும் சொல்கிறார்கள், அதை நம்பாதீர்கள். அண்ணன் ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. “அப்பா இருந்தப்பவே போட்டிருக்கணும் பாப்பா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

‘உனக்கு நல்ல ஆள் கிடைத்தார், எல்லோரும் அப்படியா?’ என்று யாராவது வருவீர்கள். தெரியும். வாடகையை நிறுத்திவிட்டு ‘இது என் வீடு’ என்று சொல்கிறவரும் உண்டு. அப்படிச் சொன்னால் வருடக்கணக்கில் சும்மா இருக்காதீர்கள், உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். போக்கியம், விற்பனை ஒப்பந்தம் எல்லாம் வேறு கதை. வாடகையைப் பற்றி மட்டும்தான் இங்கே சொல்கிறேன். நான் வக்கீலும் இல்லை.

இதைச் சொல்லியே ஆக வேண்டும். கீழ்ப் போர்ஷனுக்கு ஆள் தேடியபோது, வீட்டு புரோக்கர் முதலில் கேட்டது “எந்த ஆளுங்களுக்கு விடுவீங்க?” என்றுதான். வாடகையைக்கூட அப்புறம்தான் கேட்டார். ‘சம்பளம் வாங்கி வாடகை கொடுக்கிற யாருக்கும் விடுவோம்’ என்றேன். “தெருவுல பேசுவாங்கம்மா” என்கிறார். வீடு கேட்டு வருகிறவரிடம் இதைக் கேட்க எப்படி வாய் வருகிறது? எவ்வளவு படித்த தெரு இது!

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கே குடியிருக்க வீடு தேவைப்பட்டால் அதைச் சொல்லியே கேளுங்கள், சொந்தத் தேவை சட்டத்திலேயே உள்ள காரணம்தான். தேவை இல்லையென்றால் இந்த மாதமே ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள், வாடகையை வங்கிக் கணக்கில் வாங்குங்கள், வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில்தான் வருகிறதா என்று பாருங்கள்.