வாசகர் கேள்வி–பதில்: இறகு பிய்ந்த அம்பு

கேள்வி: ரிகர்வ் வில்லில் (நுனிகள் முன்பக்கமாக வளைந்த வில்) பழகுகிறேன். என்னுடையவை இறகு ஒட்டிய கார்பன் அம்புகள். குறி தவறி புல்லுக்குள் போன அம்பைத் தேடி எடுத்தால் இறகு பிய்ந்திருக்கிறது. மைதானத்திலேயே சரிசெய்ய வழி உண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. ஆனால் இறகுக்கு முன்னால் தண்டைப் பாருங்கள். புல்லுக்குள் கல் எதிலாவது மோதியிருந்தால் கார்பனில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். இரண்டு பக்கமும் பிடித்து லேசாக வளையுங்கள், கொஞ்சம் உருட்டி மறுபடி வளையுங்கள், காதையும் கிட்டே வையுங்கள். 'கிர்' என்று சின்னச் சத்தம் வந்தாலும் முறித்துப் போட்டுவிடுங்கள், விலையை எல்லாம் யோசிக்க வேண்டாம். நாணை விடும்போது அது உடைந்தால் சிம்பு வில் பிடித்த கையில்தான் ஏறும்.

தண்டு நன்றாக இருக்கிறதா, சரி. இறகு பிளந்து சீப்புப் பல் மாதிரி நிற்பது பெரிய சேதமே இல்லை. அந்த இழைகளில் நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன, காம்பிலிருந்து ஓரத்தை நோக்கி விரலால் நீவிவிட்டால் பெரும்பாலும் திரும்பக் கோத்துக்கொள்ளும்.

காம்பின் முன்நுனி, அதாவது அம்பின் கூர்முனையைப் பார்த்த பக்கம், கிளம்பியிருந்தால்தான் வம்பு. அதோடு எய்தால் அம்பு ரெஸ்டில், அதாவது வில்லில் அம்பைத் தாங்கும் சின்னத் தாங்கியில், தட்டித் திசைமாறும். ரெஸ்ட் இல்லாமல் கைமேல் வைத்து எய்பவர்களுக்கு அந்தக் காம்பு விரலிலேயே குத்தி இறங்கிவிடும். பழைய பசையை நகத்தால் சுரண்டி, இடத்தைத் துடைத்து, ஈரமில்லாமல் பார்த்து, உடனே பிடிக்கும் பசை ஒரு சொட்டு விட்டு அழுத்திப் பிடியுங்கள். அப்புறம் பட்டன் தைக்கும் நூலை, இறகுக்குச் சற்று முன்னால் வெறும் தண்டில் ஆரம்பித்து, காம்பு நுனி மறையும் வரை நெருக்கமாகச் சுற்றி அதன்மேலும் பசையைத் தடவிவிடுங்கள். ஊசி, நூல், பசை மூன்றும் அம்புக்கூட்டில் எப்போதும் கிடக்கட்டும். (ஊசி எதற்கு என்றால், பசை பாட்டிலின் மூக்கு அடைத்துக்கொள்ளும்.)

இறகு முழுசாகப் போயிருந்தால் அந்த அம்பை அன்றைக்கு ஓரமாக வையுங்கள். வீட்டில் புது இறகு ஒட்டும்போது, மற்ற இரண்டும் பறவையின் எந்தச் சிறகிலிருந்து வந்ததோ அதே சிறகு இறகுதான் வேண்டும், இடதையும் வலதையும் ஒரே அம்பில் கலக்கக் கூடாது.

இன்னொன்று, பாதி இறகுகள் எடுக்கிற விதத்தில்தான் பிய்கின்றன. இறகுவரை புல்லுக்குள் புதைந்த அம்பைப் பின்னால் இழுக்காதீர்கள், புல்லை விலக்கி, அது போன திசையிலேயே முன்பக்கமாக உருவுங்கள்.

கேள்வி: மழையில் நனைந்து ஒட்டிப்போன இறகு தேறுமா?
– வாசகி, குன்னூர்

பதில்: தேறும். தேய்க்காமல் உதறிக் காயவிட்டு, கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் அம்பைச் சுழற்றிச் சுழற்றிச் சில விநாடி காட்டுங்கள், படுத்த இறகு எழுந்துவிடும். அதிக நேரம் காட்டினால் பசை இளகலாம். இறகுக்குப் பதிலாக ஒட்டும் பிளாஸ்டிக் வேன் (vane) கோணிப்போயிருந்தால் ஃப்ளாஸ்க் வெந்நீரில் சில விநாடி முக்கினால் போதும்.