நிபந்தனையோடு காத்திருக்கும் சட்டங்கள்: கேள்வி-பதில்

அமெரிக்க மாநிலங்களின் 'ட்ரிகர்' சட்டங்கள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ட்ரிகர் சட்டம் என்றால் என்ன?

வழக்கமான சட்டத்தில் அது அமலுக்கு வரும் தேதி இருக்கும். இதில் தேதிக்குப் பதிலாக ஒரு நிபந்தனை இருக்கும். மத்திய அரசோ உச்ச நீதிமன்றமோ இன்னதைச் செய்தால் இந்தச் சட்டம் உயிர்பெறும் என்று மாநில சட்டமன்றம் முன்கூட்டியே நிறைவேற்றி வைத்துவிடும். அந்த நாள் வரும்போது புதிதாக விவாதமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது.

2022இல் கருக்கலைப்புத் தடை எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் வந்ததா?

இல்லை. கருக்கலைப்பை நாடு முழுவதும் அரசியலமைப்பு உரிமையாக்கியது 1973ஆம் ஆண்டின் ரோ தீர்ப்பு. டாப்ஸ் என்ற வழக்கில் 2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்போது 13 மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் தயாராக இருந்தது. கென்டக்கி, லூசியானா, சவுத் டகோட்டா சட்டங்கள் உடனே அமலாகும்படி எழுதப்பட்டவை. மிசூரியில், ரோ தீர்ப்பு ரத்தாகிவிட்டது என்று மாநில அட்டர்னி ஜெனரல் (தலைமை அரசு வழக்கறிஞர்) சான்று தர வேண்டும். அவர் அன்றைக்கே தந்துவிட்டார். மிசிசிப்பியில் சான்றுக்குப் பிறகு 10 நாள் அவகாசம், அதனால் ஜூலை 7. டெக்சாஸில் 30 நாள். ஆனால் அந்த 30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? தீர்ப்பு வாசிக்கப்பட்ட நாளிலிருந்து அல்ல, நீதிமன்றம் முறைப்படி ஆணை பிறப்பித்த ஜூலை 26இலிருந்து. ஆகவே தடை ஆகஸ்ட் 25 அன்றுதான் வந்தது. சில மாநிலங்களில் நீதிமன்றங்கள் இந்தச் சட்டங்களுக்கே இடைக்காலத் தடை விதித்தன.

சவுத் டகோட்டா சட்டம் 2005இல் எழுதப்பட்டது. அதற்கு வாக்களித்தவர்கள் 17 ஆண்டு கழித்து மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பப்படும் பெண்ணுக்கு நேரில் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வகைச் சட்டத்தில் என்னை உறுத்துவது இதுதான்.

வர்ஜீனியாவில் இருக்கிறேன். மெடிகெய்டு தானாக நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டு முழுவதும் அல்ல. வறுமைக் கோட்டின் 138 சதவீதம் வரை வருமானம் உள்ள பெரியவர்களுக்காக 2010ஆம் ஆண்டின் 'ஒபாமாகேர்' சட்டத்தின் கீழ் வந்த விரிவாக்கம் மட்டும்தான் இதில் சிக்கியிருக்கிறது. அந்தச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. தயங்கித் தயங்கிச் சேர்ந்த மாநிலங்கள் சில, "உங்கள் பங்கு குறைந்தால் நாங்கள் விலகிக்கொள்வோம்" என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டன. வர்ஜீனியா, அரிசோனா, இல்லினாய், நார்த் கரோலினா உட்பட 9 மாநிலங்களில் இது தானாக நடக்கும். அரிசோனாவுக்கு மட்டும் வரம்பு 80 சதவீதம்.

2025 ஜூலையில் கையெழுத்தான மத்தியச் சட்டம் இந்த 90 சதவீதத்தைத் தொடவில்லை. எனவே நிபந்தனை நிறைவேறவில்லை, உங்கள் காப்பீடு இந்தக் காரணத்தால் போகாது. ஆனால் அதே சட்டம் மாதம் 80 மணி நேர வேலை அல்லது அதற்கு ஈடான பணியைக் காட்ட வேண்டும் என்ற விதியைக் கொண்டுவருகிறது. விரிவாக்கம் செய்த மாநிலங்களில் அது 2027 ஜனவரி 1க்குள் அமலாக வேண்டும். அதைக் கேட்டுக் கடிதம் வந்தால் தயவுசெய்து பிரித்துப் படியுங்கள். பதில் அனுப்பாமல் விட்டுவிடாதீர்கள்.

ஃபுளோரிடா கடிகாரத்தை மாற்றுவதை நிறுத்திவிட்டதா?

இன்னும் இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, இலையுதிர் காலத்தில் திருப்பி வைப்பார்கள். அப்படித் தள்ளிவைத்த கோடை நேரமே ஆண்டு முழுக்க இருக்கட்டும் என்று ஃபுளோரிடா 2018இல் சட்டம் போட்டது. மத்தியச் சட்டம் இடம் கொடுத்தால்தான் அது அமலாகும். 2022 மார்ச்சில் செனட் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை அதைக் கையில் எடுக்கவில்லை.

நிபந்தனை நிறைவேறும் முன்பே சட்டத்தை நீக்க முடியுமா?

தாராளமாக. இல்லினாய் தன் 1975ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தில் இருந்த இப்படியொரு வாசகத்தை 2017இல் எடுத்துவிட்டது. டாப்ஸ் தீர்ப்பு வந்தபோது அங்கே பாய்வதற்கு எதுவும் இல்லை. உங்கள் மாநிலச் சட்டப் புத்தகத்தில் என்ன தூங்குகிறது என்று இன்றே கேட்டால்தான் இது சாத்தியம்.

இந்தியாவில் இப்படிச் சட்டம் இயற்றலாமா?

எப்போது அமலாகும் என்பதை மட்டும் ஒரு நிபந்தனைக்கு விடலாம். நம் நீதிமன்றங்கள் அதை ஏற்றிருக்கின்றன. என்ன சட்டம் என்பதையே அடுத்தவரிடம் விட்டால்தான் சிக்கல். இதற்குப் புதுச்சேரி வழக்கைத்தான் எப்போதும் சொல்வேன். 1965இல் புதுச்சேரி சட்டமன்றம் சென்னை மாநில விற்பனை வரிச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது, அதுவும் அமலாகும் நாளில் அது எப்படி இருக்கிறதோ அப்படி! அமலான நாள் 1966 ஏப்ரல் 1. இடையில் சென்னை தன் சட்டத்தைத் திருத்திவிட்டது. புதுச்சேரி உறுப்பினர்கள் தாங்கள் பார்த்திராத ஒரு வாசகத்துக்கு வாக்களித்ததாக ஆகிவிட்டது. சட்டமன்றம் தன் அதிகாரத்தையே கைவிட்டுவிட்டது என்று சொல்லி, 1967இல் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அப்புறம் அதே ஆண்டில் புதுச்சேரிக்குத் தனியாக ஒரு விற்பனை வரிச் சட்டம் வந்தது.