தவணையில் வாங்கிய சிக்கனம்

கேள்வி: மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று ஆறு மாதத்தில் பிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மாற்றினேன். இரண்டும் வட்டியில்லாத் தவணை. பிரிட்ஜுக்கு மொத்தம் 10 தவணை. ரொக்கமாகக் கொடுத்தால் 10 சதவீதம் குறைப்பதாகச் சொன்னார்கள், கையில் பணம் இல்லை. பழைய பிரிட்ஜ் நன்றாக ஓடுவதால் பின்கட்டில் வைத்திருக்கிறோம். பழைய வாஷிங் மெஷினை என் மைத்துனர் எடுத்துக்கொண்டார். புதியதில் வெந்நீரில் துவைக்கும் வசதி உண்டு. ஆனால் மாதக் கணக்கு 35 யூனிட் போலக் கூடியிருக்கிறது! அடுத்து ஏசியை மாற்றினால்தான் குறையும், பழையதைத் தானே எடுத்துக்கொள்வதாக மைத்துனர் சொல்கிறார். 20 தவணை. மாற்றலாமா?

பதில்: வேண்டாம். காரணம் ஏசியில் இல்லை, தவணையில் இருக்கிறது.

ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள் என்றெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடிதத்தோடு பிளக்கில் மாட்டும் மீட்டரின் கணக்கையே அனுப்பியிருக்கிறீர்கள். பழைய பிரிட்ஜ் ஒரு நாளைக்கு 1.5 யூனிட், புதியது 0.7. பிரிட்ஜின் மாதத் தவணை உங்கள் கட்டணப்படி 240 யூனிட்டின் விலை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சரி, பணத்தை மறந்துவிட்டு எல்லாவற்றையும் யூனிட்டிலேயே பார்ப்போம்.

பழைய பிரிட்ஜ் மாதத்துக்கு 45 யூனிட், புதியது 21. பழையதை அணைத்திருந்தால் மாதம் 24 யூனிட் மிச்சம். புதியதன் விலை 2400 யூனிட். அதாவது போட்ட பணம் திரும்பி வர 100 மாதம், எட்டு வருடத்துக்கும் மேல். பிரிட்ஜ் அவ்வளவு காலம் உழைக்கும் என்பதால் இது படுமோசமான கணக்கு இல்லை. ஆனால் நீங்கள் பழையதை அணைக்கவே இல்லையே! 45 இருந்த இடத்தில் இப்போது 66 ஓடுகிறது. மிச்சம் பிடிக்க வாங்கிய பொருள் மாதம் 21 யூனிட் கூட்டியிருக்கிறது. பின்கட்டுப் பிரிட்ஜுக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் தண்ணீர் பாட்டில்தான் இருக்கும்.

மீதி 14 யூனிட் எங்கே போகிறது? வாஷிங் மெஷினில். மோட்டார் சுற்றுவதற்கு அதிக மின்சாரம் ஆகாது, தண்ணீரைச் சுட வைக்கத்தான் ஆகும். 15 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்த 0.6 யூனிட் வேண்டும். எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது, தண்ணீரின் குணம் அப்படி. மாதம் 25 தடவை துவைத்தால் 15 யூனிட். பழைய மெஷினில் அந்தப் பட்டனே இல்லாததால் அந்தச் செலவும் இல்லை. சாதாரண அழுக்குக்குக் குளிர்ந்த நீரும் நல்ல சோப்புத்தூளும் போதும். நோயாளியின் படுக்கை விரிப்பு மாதிரியானவற்றுக்கு வெந்நீரை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, உங்கள் 35 யூனிட்டைக் கண்டுபிடித்தாயிற்று. இரண்டையும் நிறுத்தக் காலணாச் செலவில்லை.

இப்போது தவணைக்கு வருகிறேன். வட்டியில்லை என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ரொக்க விலை 90, தவணை விலை 100 என்றால் நீங்கள் கடன் வாங்கியது 90. மாதம் 10 வீதம் பத்து மாதம் கட்டுகிறீர்கள். முதல் மாதம் கடன் முழுதாக இருக்கிறது, கடைசி மாதம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சராசரியாக 50 அளவுக்குத்தான் கடன், அதற்குப் பத்து மாதத்தில் கொடுக்கும் கூலி 10. மாதத்துக்கு 2 சதவீதம், வருடத்துக்கு 24. இதையே ஒருவர் வட்டி என்று பெயர் சொல்லிக் கேட்டால் நீங்கள் கொடுத்திருக்க மாட்டீர்கள். தவணைக்குச் செயலாக்கக் கட்டணம் ஏதும் பிடித்திருந்தால் அதையும் இதோடு சேருங்கள்.

ஏசிக்கு மாதம் 300 யூனிட் விலையில் 20 தவணை, மொத்தம் 6000 யூனிட். வெயில் காலத்தில் சுமார் 100 இரவு போடுவதாகவும், புதியது ஒரு இரவுக்கு 3 யூனிட் மிச்சம் பிடிக்கும் என்று விற்பவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் வருடத்துக்கு 300 யூனிட்தான். போட்டது திரும்ப 20 வருடம். அதற்கு முன்பே அந்த ஏசி பழைய இரும்புக்குப் போய்விடும். வருடம் முழுக்க தினமும் ஏசி போடும் வீடாக இருந்தால் 1100 யூனிட்டுக்கு அருகில் வரும், அப்போது நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் ஊரில் யூனிட் ஏற ஏறக் கட்டணமும் படிப்படியாக ஏறுமென்றால் மிச்சமாகும் யூனிட்டுக்கு மதிப்பு கொஞ்சம் கூடும். கூடினாலும் 20 வருடம் 5 வருடம் ஆகிவிடாது.

இருக்கிற ஏசியின் ஃபில்டரைக் கழுவுங்கள், இரண்டு டிகிரி கூட்டி வைத்து மின்விசிறியையும் போடுங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டு டிகிரிக்கு எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் கடைசியில், மைத்துனர் வாங்கிக் கொடுத்த 'மின்சார சேமிப்பு' டப்பாவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிளக்கில் செருகினால் பச்சை விளக்கு எரியுமே, அதுதான். இப்படிப்பட்டவற்றுக்குள் பெரும்பாலும் ஒரு மின்தேக்கியும் (கெப்பாசிட்டர்) அந்த விளக்கும்தான் இருக்கும். மின்தேக்கியால் பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதத்தை, கொஞ்சம் சரிசெய்யலாம், தொழிற்சாலைகளுக்கு அதில் பயன் உண்டு. வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது உண்மையில் செலவான யூனிட்டை, அதை இது தொடவே தொடாது. கழற்றி வையுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிரிட்ஜுக்கு இன்னும் 4 தவணை, வாஷிங் மெஷினுக்கு 7. அவை முடியும் வரை புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முடிந்த பிறகும் அதே தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், தவணை கட்டிப் பழகிய கைதானே. ஏசி தானாக உயிரை விடும் நாளில் ரொக்கம் இருக்கும், அந்த 10 சதவீதத் தள்ளுபடியும் உங்களுக்கே. அப்போது குறைந்த மின்சாரம் இழுக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. நன்றாக ஓடுவதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கடனில் வாங்குவதைத்தான் தடுக்கிறேன்.

மைத்துனரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய வாஷிங் மெஷின் அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது, ஏசியை மாற்றினால் அதுவும் அங்கேதான் போகும், தவணை மட்டும் உங்களிடம் நிற்கும். ஏசி பேச்சை அடுத்த தடவை எடுத்தால் மறுத்துப் பேச வேண்டாம், பின்கட்டுப் பிரிட்ஜ் வேண்டுமா என்று கேளுங்கள். மாதம் 45 யூனிட் இழுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் பழைய சாமான் எடுப்பவரைக் கூப்பிடுங்கள். அதுவரை பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து வையுங்கள், நாற்றம் வராது. குழந்தைகள் உள்ளே புகுந்தாலும் கதவு மூடிக்கொள்ளாதபடி, அதைத் திறந்த நிலையிலேயே கட்டிவிட மறக்காதீர்கள்.