முந்திரி ஓட்டுக் கார்பனும் மாங்கனீசு ஆக்சைடும்: வேகம் கூட்டினால் ஏன் விழுகிறது?

கேட்டது இதுதான்: "முந்திரி ஓட்டைக் கரியாக்கி, மாங்கனீசு டை ஆக்சைடு நானோ துகளோடு அரைத்துக் கலந்து, சூப்பர் கெபாசிட்டர் மின்முனை செய்தேன். மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் நல்ல எண் வருகிறது. வேகம் கூட்டினால் விழுந்துவிடுகிறது. ஏன்?"

சூப்பர் கெபாசிட்டர் என்பது மின்சாரத்தை வேகமாகத் தேக்கி வேகமாக விடும் கருவி. நீங்கள் சொல்லும் எண், ஒரு கிராம் மின்முனை ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு மின்னேற்றம் தேக்குகிறது என்பது. அரைத்துக் கலந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பொடியையும் தனித்தனியாகச் செய்து அரைக்காதீர்கள். கார்பன் மேலேயே ஆக்சைடை வளரவிடுங்கள்.

எனக்கு ஊர் பண்ருட்டிப் பக்கம், ஆய்வு செய்தது புதுச்சேரியில். முதல் இரண்டு வருடம் நானும் அரைத்துக் கலந்தவன்தான். சி.வி. வரைபடம் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஓடும் மின்சாரத்தை அளந்து வரைவது) வினாடிக்கு 5 மில்லிவோல்ட் வேகத்தில் பெட்டி மாதிரி அழகாக இருக்கும். 100க்குப் போனால் மாவிலை மாதிரி சாய்ந்து ஒடுங்கிவிடும்.

மாங்கனீசு டை ஆக்சைடு மின்னேற்றம் தேக்கும் திறனின் கோட்பாட்டு அளவு கிராமுக்கு ஏறத்தாழ 1370 ஃபாரட். ஆனால் அது மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் பொருள். மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்குதான் வேலை செய்யும், உள்ளே இருப்பது வெறும் எடை. அரைத்துக் கலக்கும்போது நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகிவிடுகின்றன. உருண்டையின் வெளிப்பக்கம் மட்டும் கார்பனைத் தொடும். மெதுவாக ஏற்றினால் உள்ளேயும் கொஞ்சம் போய்ச் சேர நேரம் கிடைக்கும். வேகத்தில் கிடைக்காது. துகள் எவ்வளவு சிறியது என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது.

வளர்ப்பது எளிது. கார்பன் பொடியைத் தண்ணீரில் நன்றாகக் கலைத்து, பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலை ஊற்றி, 70 டிகிரி சூட்டில் கலக்கிக்கொண்டே இருங்கள். கார்பனே அதற்கு எலக்ட்ரான் கொடுத்து ஒடுக்கி, தன் மேலேயே ஆக்சைடாகப் படியவைக்கும். ஊதா நிறம் மெல்ல மறைந்து கரைசல் தெளியும். அதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சந்தோஷம். ஆனால் அளவு மீறக்கூடாது. நான்கு பெர்மாங்கனேட் அயனிக்கு மூன்று கார்பன் அணு கரைந்துபோகிறது. அதிகம் ஊற்றினால் கார்பனும் குறையும், நுண்துளைகளும் அடைபடும். குறைவாகத் தொடங்கி மூன்று நான்கு அளவுகளில் செய்து பாருங்கள்.

கரியை பொட்டாசியம் ஹைட்ராக்சைடோடு 700–800 டிகிரியில் சூடாக்கி, நுண்துளைகள் உண்டாகும்படி கிளர்வூட்டியிருப்பீர்கள். நைட்ரஜன் ஓட்டத்திலேயே முழுதும் ஆறவிட்டுத் திறங்கள். அந்தச் சூட்டில் உண்டான உலோகப் பொட்டாசியம் மிச்சமிருந்தால் தண்ணீர் பட்டதும் தீப்பிடிக்கும். பிறகு நீர்த்த அமிலம், அதன் பின் கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை தண்ணீர். இந்தக் கழுவலில் சோம்பல் வேண்டாம்.

அடுத்தது நம்ம ஊர்க் காற்று. மின்முனைப் பொடியை உலோகத் தகட்டில் ஒட்டவைக்க, பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக் பசையை என்.எம்.பி. என்ற கரைப்பானில் கரைத்து, பொடியோடு தோசை மாவு பதத்தில் குழைத்துப் பூசுகிறோம். என்.எம்.பி. ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரத்தில் திறந்து வைத்தால் பசை பிரிந்து, குழைவு திரிந்த பால் போல் கட்டிதட்டும். பொடியை முதல் நாளே 110 டிகிரியில் உலர்த்துங்கள், மூடிய பாட்டிலில் குழையுங்கள், உடனே பூசுங்கள். உங்கள் மின்பகுளி (மின்முனைகளுக்கு நடுவே அயனிகளைக் கடத்தும் திரவம்) சோடியம் சல்பேட் கரைசல் என்றால் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) பசையும் எத்தனாலும் போதும். மழைக்காலத்தில் நான் அதற்கு மாறிவிடுவேன்.

எடை போடும்போதும் இதே ஈரம் ஏமாற்றும். நுண்துளைக் கார்பன் காற்றில் வைத்த சில நிமிடங்களிலேயே கனக்கும். நீங்கள் பூசுவது ஒரு மில்லிகிராம் என்றால் அந்தப் பிழை நேராக ஃபாரட் கணக்கில் போய் உட்காரும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிகிராமில் வரும் பெரிய எண்ணை நம்பவும் வேண்டாம். இந்தத் துறை ஆய்வாளர்கள் கோகோட்சியும் சைமனும் 2011இல் சயின்ஸ் இதழில் இதைத்தான் எச்சரித்தார்கள். வணிக மின்முனையில் பூச்சு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் இருக்கும். 5 மில்லிகிராமாவது பூசி ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஒன்றை நீங்கள் சொல்லவில்லை: எண்ணெய் எடுத்த ஓடா, எடுக்காததா? ஓட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு எண்ணெய். எங்கள் அத்தை கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் முந்திரி உடைப்பார், இல்லையென்றால் தோல் வெந்துவிடும். அந்த எண்ணெயோடு உலையில் வைத்தால் தாராகிக் குழாய் முழுக்க ஒட்டும், ஒவ்வொரு தடவையும் கரியின் தன்மையும் மாறும். எண்ணெய் ஆலையில் பிழிந்த சக்கை கிடைக்கும், அதை வாங்கித் தொடங்குங்கள்.