40 ஆம்பியர் மெயின் உள்ள பழைய வீட்டில் 7.4 கிலோவாட் கார் சார்ஜர் பொருத்தலாமா?

கேள்வி கேட்டவரின் நிலையை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கிள் ஃபேஸ் இணைப்பு, 40 ஆம்பியர் மெயின், பல பத்தாண்டு பழைய வயரிங்; கையில் இருப்பது 7.4 கிலோவாட் சார்ஜர். த்ரீ ஃபேஸுக்கு மாறாமல் இதைத் தொடவே கூடாது என்கிறார் ஒரு எலெக்ட்ரீஷியன். 7.4 கிலோவாட் என்பது 32 ஆம்பியர்தானே, 40-க்குள் அடங்கிவிடும் என்கிறார் இன்னொருவர். வீட்டு மின்னமைப்பு வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் என் கருத்து இதுதான்: முதலாமவர் சொல்வது பெரும்பாலும் தேவையற்றது, இரண்டாமவர் சொல்வது ஆபத்தானது. இருவருமே சார்ஜரின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள். காருக்கு ஓர் இரவில் எத்தனை யூனிட் வேண்டும், அந்த நேரத்தில் வீட்டு மெயினில் எத்தனை ஆம்பியர் மிச்சம் இருக்கிறது என்ற இரண்டு கணக்கைப் போட்டால் விடை தானாக வந்துவிடும்.

முதல் கணக்கு எளிது. நடுத்தர அளவு மின்சார கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டினால் 6 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 7 யூனிட் ஓடும். 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்பது 2.3 கிலோவாட், ஆகவே மூன்று மணி நேரத்தில் அன்றைய தேவை முடிந்துவிடும். 16 ஆம்பியரில், அதாவது 3.7 கிலோவாட்டில், இரண்டு மணி நேரமே போதும். இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை 16 ஆம்பியரில் விட்டால் 25 யூனிட்டுக்குமேல் ஏறும். அது 150 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமம். தினமும் அவ்வளவு தூரம் ஓட்டுகிறவர்கள் குறைவு. எனவே 32 ஆம்பியர் என்பது பெரும்பாலான வீடுகளில் வசதியே தவிர, தேவை அன்று.

இரண்டாவது கணக்கில்தான் கவனம் வேண்டும். மாலை வேளையில் 2 கிலோவாட் கீசர் 8.7 ஆம்பியரும், 1.8 கிலோவாட் இன்டக்‌ஷன் அடுப்பு 7.8 ஆம்பியரும், 1.5 கிலோவாட் இழுக்கும் ஏ.சி. 6.5 ஆம்பியரும், ஃபிரிட்ஜ், விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்ந்து 3 ஆம்பியரும் எடுக்கின்றன என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 26 ஆம்பியர் ஆகிறது. இதன்மேல் 32 ஆம்பியரைச் சேர்த்தால் 58. சுமை மிஞ்சினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான 40 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழுந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அது உண்மையன்று. ஐ.இ.சி. 60898 என்ற சர்வதேசத் தரத்தின்படி வீட்டு எம்.சி.பி. தன் அளவைப்போல் 1.13 மடங்கு மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 40-இன் 1.45 மடங்கு சரியாக 58. அதாவது, நம் கணக்கில் வரும் அதே சுமையில், அந்த எம்.சி.பி. ஒரு மணி நேரம் வரை பேசாமல் இருக்க அனுமதி உண்டு. ஃபியூஸ் இன்னும் பொறுமைசாலி. தன் அளவைப்போல் 1.25 மடங்கில் அது உருகாமலே இருக்கும். "இத்தனை வருடமாக மெயின் விழுந்ததே இல்லை" என்பது வயரிங் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இரவு 11 மணிக்குப் பிறகு அதே வீட்டில் ஓடுவது ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் மட்டுமே. 9 ஆம்பியர் என்று கொள்ளலாம். மணிக்கணக்காகத் தொடரும் சுமைக்கு மெயினின் முழு அளவையும் கொடுக்கக் கூடாது. வட அமெரிக்க மின் விதிகள் கார் சார்ஜிங்கைத் தொடர்சுமையாகக் கருதி, சுற்றின் அளவு சார்ஜரின் மின்னோட்டத்தைப்போல் 125 சதவீதம் இருக்க வேண்டும் என்கின்றன. 32 ஆம்பியர் சார்ஜருக்கு அங்கே 40 ஆம்பியர் பிரேக்கர் போடுவது அதனால்தான். அந்த விதி உங்கள் ஊரில் செல்லுபடி ஆகாவிட்டாலும், மெயினில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது நல்ல பழக்கம். 40-இல் 32-ஐ எல்லையாக வைத்து, அதில் 9-ஐக் கழித்தால் மிச்சம் 23 ஆம்பியர். காருக்கு 16 ஆம்பியர் தாராளமாகக் கிடைக்கிறது.

நான் மேலே போட்டது ஊகக் கணக்கு. உங்கள் வீட்டுக்கு அளந்துதான் பார்க்க வேண்டும். மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவியை மெயின் கேபிளில் மாட்டி, அதிகம் செலவாகும் பருவத்தில் சில வாரங்கள் விட்டுவைப்பது மிகச் சிறந்த வழி. ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அரை மணிக்கொரு முறையோ கால் மணிக்கொரு முறையோ பதிவான தரவே கிடைக்கக்கூடும், ஆனால் அது சராசரி என்பதையும், இரண்டு நிமிட உச்சம் அதில் மறைந்துபோகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டில் உள்ள கருவிகளின் வாட் அளவுகளை எல்லாம் கூட்டிப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. அவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. முடியவே முடியாது என்ற தீர்ப்பு பெரும்பாலும் அந்தக் கூட்டலிலிருந்துதான் பிறக்கிறது.

அடுத்து, 7.4 கிலோவாட் சார்ஜரை 16 ஆம்பியரில் ஓட்டுவது எப்படி என்பது. சுவரில் மாட்டும் அந்தப் பெட்டியைச் சார்ஜர் என்று அழைத்தாலும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டி செய்வது, பாதுகாப்பைச் சரிபார்த்து, எவ்வளவு எடுக்கலாம் என்று காருக்குச் சொல்வது மட்டுமே. ஐ.இ.சி. 61851 தரத்தின்படி, கேபிளில் உள்ள கன்ட்ரோல் பைலட் என்ற கம்பியில் நொடிக்கு 1000 துடிப்புகள் செல்கின்றன. ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கிறது என்பதைக் கொண்டு கார் தன் எல்லையை அறிந்துகொள்கிறது. துடிப்பு நேரத்தின் சதவீதத்தை 0.6-ஆல் பெருக்கினால் ஆம்பியர் வரும். 16 ஆம்பியருக்கு ஏறத்தாழ 27 சதவீதம், 32 ஆம்பியருக்கு 53 சதவீதம். பெட்டி இந்த எண்ணை மாற்றினால் கார் சில நொடிகளுக்குள் இணங்கியாக வேண்டும். ஆகவே வாங்கிய பெட்டி வீணில்லை. பெரும்பாலான பெட்டிகளில் உச்ச மின்னோட்டத்தைக் குறைத்து வைக்க உள்ளே சிறு சுவிட்ச் அல்லது நிறுவுபவருக்கான அமைப்பு இருக்கிறது. அதைப் பொருத்துபவரே 16-இல் நிறுத்திப் பூட்டிவைக்க வேண்டும். செல்பேசிச் செயலியில் வீட்டார் யார் வேண்டுமானாலும் ஏற்றி இறக்கக்கூடிய எண்ணைப் பாதுகாப்பாகக் கருத முடியாது.

இந்த நிலையான எல்லையும், 11 மணிக்குமேல் தொடங்கும் டைமரும் சேர்ந்தாலே உங்கள் வீட்டுக்குப் போதும் என்பது என் எண்ணம். இரவில் கீசரும் அடுப்பும் எப்போது ஓடும் என்று சொல்ல முடியாத வீடுகளுக்கு அடுத்த படி, தானாகச் சுமையைச் சரிசெய்யும் ஏற்பாடு. மீட்டரிலிருந்து வரும் மெயின் கேபிளைச் சுற்றி சி.டி. எனப்படும் அளவி வளையம் ஒன்றை மாட்டுவார்கள். வீடு அதிகம் இழுத்தால் சார்ஜர் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும், வீடு அமைதியானால் கூட்டிக்கொள்ளும். இதற்குக் கீழ் எல்லை 6 ஆம்பியர். அதற்குக் குறைவான அளவைத் தரத்தின்படி காருக்குச் சொல்ல முடியாது என்பதால், மிச்சம் 6-க்குக் கீழே போனால் சார்ஜிங் நின்றுதான் ஆகும், பிறகு மீண்டும் தொடங்கும். சொல்லப்போனால், 6 ஆம்பியரிலேயே இரவெல்லாம் ஓட்டுவது அவ்வளவு சிக்கனமும் இல்லை. சார்ஜ் ஏறும்போது காரின் கணினிகளும் பம்புகளும் விழித்திருந்து சில நூறு வாட் எடுத்துக்கொள்கின்றன, மெதுவாக ஏற்றினால் அந்த வீண்செலவு அதிக நேரம் தொடர்கிறது.

இந்த ஏற்பாட்டை வாங்குமுன் ஒன்றை மட்டும் கட்டாயம் கேளுங்கள்: அளவி வளையத்துடன் தொடர்பு அறுந்தால் சார்ஜர் என்ன செய்யும்? 6 ஆம்பியருக்கு இறங்கினாலோ நின்றுவிட்டாலோ சரி. முழு 32-க்குப் போகும் பெட்டியை வீட்டுக்குள் விடாதீர்கள். பொருத்தி முடித்த அன்றே, கார் சார்ஜ் ஏறும்போது கீசரையும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டு, மின்னோட்டம் இறங்குகிறதா என்று கண்முன் காட்டச் சொல்ல வேண்டும். அதன்பிறகு வளையத்தின் கம்பியைக் கழற்றியும் காட்டச் சொல்ல வேண்டும். கூரையில் சூரிய மின்தகடு இருக்கும் வீட்டில், வெளியே போகும் மின்சாரத்தையும் செலவு என்று எண்ணிவிடாதபடி திசையறியும் அளவி தேவைப்படும்.

இதுவரை பேசியது மெயினின் கொள்ளளவைப் பற்றி. பழைய வீட்டில் உண்மையான அபாயம் அதைவிட இணைப்புகளில் இருக்கிறது. தளர்ந்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியரில் அங்கே 10 வாட் வெப்பம். 32 ஆம்பியரில் 100 வாட்டுக்குமேல். மின்னோட்டம் 3.2 மடங்கானால் வெப்பம் பத்து மடங்காகிறது, ஏனெனில் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐந்து நிமிடம் ஓடும் மின்கெட்டிலில் இது வெளியே தெரியாது. ஏழு மணி நேரம் ஓடும் காரில் பிளாஸ்டிக் கருகும். பழைய அலுமினிய வயர் உள்ள வீடுகளில் இது இன்னும் மோசம், ஏனெனில் அலுமினியம் சூட்டில் அதிகம் விரிந்து சுருங்கி முனையைத் தளர்த்துகிறது, அதன் மேற்பரப்பில் படியும் ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் விடுவதில்லை. ரப்பர் உறை போட்ட மிகப் பழைய வயர் என்றால் சார்ஜர் பேச்சை ஒத்திவைத்துவிட்டு வயரிங்கை மாற்றுவதே முறை.

ஆகவே சார்ஜருக்குப் போர்டிலிருந்து தனிச் சுற்று இழுக்க வேண்டும்; கீசர் பாயின்ட்டிலிருந்தோ, வரிசையாகக் கோத்த பிளக் பாயின்ட்டிலிருந்தோ எடுக்கக் கூடாது. காருடன் வரும் சிறிய பிளக் கேபிளைத் தற்காலிகமாகப் பயன்படுத்துவதானாலும், தனியாக வந்த நல்ல சாக்கெட்டில், எக்ஸ்டென்ஷன் கார்டு இல்லாமல், 10 ஆம்பியருக்குமேல் போகாமல் பயன்படுத்துங்கள்; ஒரு மணி நேரம் கழித்துச் சாக்கெட்டின் முகப்பைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்க முடியாத சூடு என்றால் அன்றே நிறுத்திவிடுங்கள். மெயின் சுவிட்ச், மீட்டருக்கு அடுத்த முனைகள், நியூட்ரல் கட்டை ஆகிய மூன்றையும் திறந்து இறுக்கிப் பார்ப்பது எலெக்ட்ரீஷியனின் முதல் வேலையாக இருக்கட்டும். மீட்டர் முத்திரைக்கு உட்பட்ட பகுதியை மின் வாரிய ஊழியர்தான் தொடலாம்.

எர்த் விஷயத்தில் சமரசம் கிடையாது. சார்ஜ் ஏறும் காரின் உடல் முழுவதும் எர்த் கம்பியோடு இணைந்திருக்கிறது. எர்த் இல்லாத வீட்டில் கசிவு ஏற்பட்டால், ஈரத் தரையில் நின்று காரைத் தொடுகிறவர்தான் எர்த் ஆவார். கருவி வைத்து எர்த்தை அளந்த எண்ணை எழுதி வாங்குங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம், அதிலும் வகை முக்கியம். காரிலிருந்து நேர்மின் கசிவு வரலாம் என்பதால், மாறுமின் கசிவை மட்டுமே உணரும், ஏ.சி. வகை என்று குறித்த பழைய ஆர்.சி.சி.பி. அந்தக் கசிவில் செயலிழந்து, பிறகு உண்மையான ஆபத்திலும் விழாமல் இருந்துவிடக்கூடும். 6 மில்லி ஆம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் வசதி சார்ஜருக்குள் இருந்தால் வெளியே ஏ வகை போதும். இல்லாவிட்டால் பி வகை வேண்டும். வீடு முழுமைக்குமான பழைய ஆர்.சி.சி.பி.யின் கீழே சார்ஜர் சுற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்காமல், அதற்கு முன்பாகவே தனியாகப் பிரிப்பது நல்லது.

த்ரீ ஃபேஸ் தேவைப்படும் வீடுகளும் உண்டு. இரண்டு மின்சார கார்கள், அல்லது தினமும் நீண்ட ஓட்டம், அல்லது அளந்து பார்த்தபோது இரவிலும் மெயின் நிறைந்தே இருப்பது என்றால் மாறத்தான் வேண்டும். அப்போதும் மொத்தக் கிலோவாட்டைப் பார்த்து நிம்மதி அடையாமல் ஒவ்வொரு ஃபேஸையும் தனியாகப் பார்க்க வேண்டும், கீசரும் ஏ.சி.யும் உள்ள அதே ஃபேஸில் ஒற்றை ஃபேஸ் சார்ஜரையும் தொங்கவிட்டால் பழைய சிக்கல் புதிய மீட்டரோடு தொடரும். நீங்கள் இப்போது மாறாவிட்டாலும், மின் வாரியத்திடம் உள்ள அனுமதிக்கப்பட்ட லோடு அளவையும், சார்ஜர் பொருத்துவதற்கான உங்கள் பகுதி விதியையும் வேலை தொடங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேபிள் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. 16 ஆம்பியர்தானே என்று மெல்லிய வயரைப் பதிக்காமல், போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளை இப்போதே போட்டுவிடுங்கள். 30 மீட்டர் தூரத்துக்கு 32 ஆம்பியரிலும் அதில் 7 வோல்ட் அளவுக்குத்தான் இழப்பு இருக்கும். த்ரீ ஃபேஸுக்கு மாறும் எண்ணம் எதிர்காலத்தில் இருந்தால் ஐந்து கம்பிக் கேபிளாகவே போட்டு, பயன்படாத இரண்டு முனைகளை மூடி அடையாளமிட்டு வைக்கச் சொல்லுங்கள். சுவரையும் தரையையும் உடைக்கும் வேலை ஒரு தடவையோடு முடிந்துவிடும்.