முதல் பைக் எது?

கேள்வி: லைசென்ஸ் இப்போதுதான் கிடைத்தது, உயரம் ஐந்தடி நாலு. யமஹா எஃப்இசட் வாங்கவா, எம்டி 15 வாங்கவா?
– வாசகர், தக்கலை

பதில்: எஃப்இசட்தான். எம்டியின் 155 சிசி இன்ஜின், 18.4 பிஎஸ் பவர் எல்லாம் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதன் சீட் உயரம் 810 மி.மீ., எஃப்இசட்டில் 790, இரண்டு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும், மார்த்தாண்டத்தில் மீன் வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பத்தடிக்கு ஒருமுறை கால் ஊன்றும்போது தெரியும், பாதம் பதிகிறதா நுனிவிரலில் நிற்கிறீர்களா என்று. எஃப்இசட்டின் 12.4 பிஎஸ் போதுமா? பேச்சிப்பாறை ஏற்றத்துக்கே போதும். அம்மாவைப் பின்னால் உட்காரவைப்பீர்கள் என்றால், எம்டியின் பின்சீட்டை அவரிடமே ஒருமுறை காட்டுங்கள். அப்புறம் முப்பந்தல் காற்று: இரண்டையுமே தள்ளும். ஹேண்டிலை இறுக்காமல் முட்டியால் டேங்கை அணைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.