"தீபாவளிக்குள் ஒப்பந்தம்" என்றார்கள், எந்தத் தீபாவளி?

நீலகிரித் தொழில்முனைவோர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர் பக்கத்துக் கேள்விகள். தேயிலைக்காரர்களே அதிகம். ஊட்டியிலிருந்து ஒரு சாக்லேட்காரரும், இந்து நகரில் வளர்ந்த ஒருவரும் எழுதியிருக்கிறார்கள். எல்லோரையும் அரிப்பது ஒன்றுதான்: வணிக ஒப்பந்தங்களிலும் வரிகளிலும் டெல்லியும் வாஷிங்டனும் பிரஸ்ஸல்ஸும் ஒரு முடிவுக்கு வரும்வரை இயந்திரம் வாங்குவதா, கடனை அடைப்பதா, சும்மா இருப்பதா? சில பதில்கள் நீண்டுவிட்டன. சிலவற்றுக்கு நான்கு வரி போதும் என்று தோன்றியது.

கோத்தகிரி அருகே விவசாயிகளிடம் இலை வாங்கி சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தூள் தயாரிக்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்துடன் ஒப்பந்தம் முடிந்துவிட்டது, இனி ஆர்த்தடாக்ஸுக்குத்தான் (இலையை முறுக்கி உருட்டும் பழைய முறை) காலம் என்கிறார்கள். கடன் வாங்கி ஒரு பகுதியை மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் காரணம் சரியில்லை.

கருப்புத் தேயிலைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரி வாங்குவதில்லை. இந்த ஒப்பந்தத்துக்கு முன்பும் வாங்கியதில்லை. சிறு பொட்டலங்களில் போகும் பச்சைத் தேநீருக்கு மட்டும் 3.2 சதவீதம் இருந்தது. பிரிட்டனிலும் கருப்புத் தேயிலைக்கு வரி இல்லை. வரியே இல்லாத பொருளுக்கு வரிக்குறைப்பு என்ன லாபம் தரும்? "ஒப்பந்தம் வந்துவிட்டது" என்று யார் சொன்னாலும், "என் பொருளின் சுங்கக் குறியீட்டுக்கு நேற்று எத்தனை சதவீதம், நாளை எத்தனை?" என்று திருப்பிக் கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் கட்டடம் எழுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவில் உங்களை நிறுத்தும் வேலி, தூளில் தங்கும் பூச்சிமருந்து எச்சம். தனியாக வரம்பு குறிக்கப்படாத பூச்சிக்கொல்லிக்கு அங்கே கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. பெரிய எஸ்டேட் தன் தோட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு வருவது பல நூறு சிறு தோட்டங்களின் இலை, அதுவும் பாதி ஏஜென்ட் லாரியில் கலந்து வருவது. யாரோ ஒருவர் தன் அரை ஏக்கரில் தவறான மருந்தை அடித்தால் போதும், அன்றைய மொத்தத் தூளும் பரிசோதனையில் விழும். எந்த ஒப்பந்தமும் இதை மாற்றாது. ஆகவே முதல் செலவு ரோலருக்கு வேண்டாம். உங்களுக்கு இலை தருபவர்களில் நம்பிக்கையான ஒரு நாற்பது, ஐம்பது பேரைத் தனியாகப் பிரித்து, அவர்கள் இலையைத் தனி வாடல் தொட்டியில் போட்டு, அந்தத் தூளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு தொடர்ந்து சரியாக வந்தால் மேலே பேசலாம்.

அடுத்தது இலையின் தரம். ஆர்த்தடாக்ஸுக்கு இரண்டு இலை ஒரு மொட்டு வேண்டும். கத்தரியால் வெட்டிய கரட்டு இலையை சி.டி.சி. உருளை எப்படியாவது விழுங்கிவிடும். ஆர்த்தடாக்ஸ் ரோலர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கையால் பறிக்க ஆள் இல்லாத ஊரில் இதுதான் மெய்யான சிக்கல்.

மூன்றாவது, காலம். இந்த ஒப்பந்தத்துக்கான பேச்சு 2007இல் தொடங்கியது, 2013இல் நின்றது, 2022இல் மறுபடி தொடங்கியது, 2026 ஜனவரி 27 அன்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. பேச்சு முடிவது ஒன்று, கையெழுத்தாவது இன்னொன்று, அமலுக்கு வருவது மூன்றாவது. ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். பிரிட்டன் கதை நினைவிருக்கிறதா? 2022 ஏப்ரலில் அந்நாட்டுப் பிரதமர் போரிஸ் ஜான்சன் இந்தியாவுக்கு வந்து, தீபாவளிக்குள் ஒப்பந்தம் என்றார். அந்தத் தீபாவளி வருவதற்குள் அவர் போய், அடுத்து வந்தவரும் பதவி விலகி, தீபாவளி வாரத்திலேயே மூன்றாவது பிரதமர் வந்துவிட்டார். 2022, 2023, 2024 என மூன்று தீபாவளி கடந்து, 2025 ஜூலை 24 அன்றுதான் கையெழுத்தானது. "தீபாவளிக்குள்" என்பதை நம்பி 2022இல் கடன் வாங்கியவர் மூன்று ஆண்டு வட்டி கட்டிய பிறகுதான் கையெழுத்தையே பார்த்திருப்பார்.

எனவே டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிர்காலக் கொழுந்தை வைத்து ஒரு சோதனைப் பருவம் ஓட்டுங்கள். ஆர்த்தடாக்ஸ் தயாரிக்கும் பக்கத்துத் தொழிற்சாலை எதிலாவது கூலிக்குச் செய்துகொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. வாங்குபவர் ஒருவர் இரண்டாவது முறையும் கேட்டால் அப்போது வங்கிக்குப் போங்கள்.

மஞ்சூரில் இரண்டு ஏக்கர் தேயிலை. அமெரிக்கா வரி போட்டால் என் இலைக்கு ஏன் விலை குறைய வேண்டும்? நான் அமெரிக்காவுக்கு எதையும் விற்கவில்லையே?

நியாயமான கோபம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் பசுந்தேயிலையின் மாத விலை, ஏலத்தில் தூள் போன சராசரி விலையிலிருந்து வருகிறது. அந்தச் சராசரியில் 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்பது தேயிலை வாரியத்தின் சூத்திரம். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ இலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூள் 100 ரூபாய்க்குப் போனால் உங்களுக்கு 65 ரூபாய். அதை நாலரையால் வகுத்தால் கிலோவுக்கு 14 ரூபாய் 44 காசு. ஏலத்தில் பத்து ரூபாய் இறங்கினால் உங்கள் இலையில் ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் போய்விடும்.

அந்தப் பத்து ரூபாயை இறக்குவது அமெரிக்க வரி நேரடியாக அல்ல. குன்னூர் ஏலத்தில் உட்கார்ந்திருக்கும் ஏற்றுமதியாளருக்கு அடுத்த மாதம் எந்த நாட்டில் எந்த வரி என்று தெரியவில்லை. அதனால் நூறு மூட்டை எடுப்பவர் அறுபது எடுக்கிறார். மீதியை உள்ளூர் பாக்கெட்காரர்தான் எடுக்க வேண்டும். அவருக்கு அவசரம் இல்லை, விலையைக் குறைத்துக் கேட்கிறார். விற்காத தூள் கிடங்கில் தேங்குகிறது. தொழிற்சாலைக்காரருக்கு வங்கி வட்டி ஓடுகிறது. காத்திருப்பதன் செலவை ஏற்றுமதியாளர் ஏலத்தின் மேலும், ஏலம் தொழிற்சாலை மேலும், தொழிற்சாலை உங்கள் மேலும் இறக்குகிறது. தூளைச் சில மாதம் கிடங்கில் வைக்கலாம். பறித்த கொழுந்தை மறுநாளுக்கு வைக்க முடியாது. யாரால் காத்திருக்க முடியாதோ அவர் தலையில்தான் எல்லாம் வந்து இறங்குகிறது.

2023 செப்டம்பரில் நீலகிரி விவசாயிகள் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதம் இருந்தது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பதால்தான். அவர்கள் கேட்ட தொகையைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டதில் தவறே இல்லை.

உங்களால் செய்யக்கூடியது குறைவு. பொய்யாக நம்பிக்கை தர மாட்டேன். கூட்டுறவுத் தொழிற்சாலையில் உறுப்பினராக இருந்தால் உறுப்பினராகவே நீடியுங்கள். விலை விழும் மாதங்களில் கவ்வாத்து வேலையை வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். இலை எடை போடும்போது கூட நில்லுங்கள்.

இலங்கைத் தேயிலை, வியட்நாம் தேயிலை எல்லாம் ஒப்பந்தத்தின் பெயரில் உள்ளே கொட்டப்படுகிறதா?

பயத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் பொதுவான தேயிலை இறக்குமதி வரி 100 சதவீதம். இலங்கைக்கு 2000ஆம் ஆண்டு அமலுக்கு வந்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ வரை 7.5 சதவீதச் சலுகை வரி உண்டு. வியட்நாம், இந்தோனேசியா உள்ளிட்ட ஆசியான் நாடுகளுக்கு 2010இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து 2019 முடிவில் 45 சதவீதம். 45 என்பதும் கணிசமான வேலிதான். மறு ஏற்றுமதிக்காக வரியில்லாமல் வரும் தூள் தனி வழி. கண்காணிக்க வேண்டியது அது உள்ளூர்ச் சந்தைக்குள் கசிகிறதா என்பதை.

இலங்கை என்றவுடன் ஒரு நினைவு. இந்த மலையின் பல லைன் வீடுகளில் இருப்பவர்கள் 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தால் இங்கே வந்தவர்கள். அவர்களுக்காகத்தான் 1968இல் தமிழக அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இரண்டு தலைநகரங்கள் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஊட்டியில் ஹோம்மேட் சாக்லேட் தயாரிக்கிறோம். சுவிட்சர்லாந்து சாக்லேட்டுக்கு வரி குறைகிறது என்கிறார்களே, கடையை மூட வேண்டியதுதானா?

வேண்டாம். சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட நான்கு நாடுகளுடனான ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. சாக்லேட்டுக்கு இருந்த 30 சதவீத வரி ஒரே நாளில் போகாது, ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். கமர்ஷியல் சாலையில் கால் கிலோ வாங்கி பஸ் ஏறும் சுற்றுலாப் பயணி சுவிஸ் சாக்லேட்டோடு ஒப்பிட்டு வாங்குவதில்லை. உங்களைக் கடித்தது கோகோ விலை. 2024 டிசம்பரில் அது டன்னுக்கு 12,000 டாலரைத் தொட்டது. அப்போது பாதிப் பேர் தாவரக் கொழுப்புக் கலவைக்கு மாறினீர்கள். அங்கே சமையல் எண்ணெய் வரி காத்திருந்தது: 2024 செப்டம்பரில் ஏற்றினார்கள், 2025 மே கடைசியில் சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கினார்கள். சுவிஸ் ஒப்பந்தத்தைவிட இந்த அறிவிப்புகளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். சீசனுக்கு மூன்று மாதம் முன்பே மொத்தச் சரக்கையும் வாங்கிக் குவிக்காமல் இரண்டு தவணையாக வாங்குங்கள்.

என் தந்தை இந்து நகர் ஃபிலிம் கம்பெனியில் வேலை பார்த்தவர். வரியைக் குறைக்காமல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்கும் என்று இன்றும் சொல்கிறார். உண்மையா?

பாதி உண்மை. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்தது. உயர்ந்த இறக்குமதி வரி அதற்குச் சுவராக இருந்தது. அந்தச் சுவர் நிரந்தரம் என்று எண்ணிப் பெரும் கடனில் பாலியெஸ்டர் எக்ஸ்ரே ஃபிலிம் திட்டத்தில் இறங்கினார்கள். 1991க்குப் பிறகு சுவர் இறங்கியது, கடன் இறங்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. வரி அப்படியே இருந்திருந்தாலும் டிஜிட்டல் வந்து கதவைத் தட்டியிருக்கும். ஆனால் பத்து ஆண்டு அவகாசம் கிடைத்திருக்கலாம். உங்கள் தந்தையிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம். அவர் தன் வாழ்க்கையை அங்கே கொடுத்தவர்.

ரஷ்யாவை மட்டும் நம்பி விற்கிறோம். ஆபத்தா?

ஆம். எந்த ஒரு நாட்டை மட்டும் நம்பினாலும் ஆபத்து. சோவியத் யூனியன் 1991இல் மறைந்தபோது இந்த மலை பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2019 ஆகஸ்டில் பாகிஸ்தான் வணிகத்தை நிறுத்தியபோது, அங்கே மட்டும் தூள் அனுப்பிவந்த ஒருவருக்கு நான் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் அன்று இருந்த மூட்டைகளில் அச்சடித்த உருது எழுத்தை அழிக்கவே தனிச் செலவானது. எதையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள் என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தேன் என்று பெருமை அடிக்க முடியாது, நானும் சொல்லவில்லை.

குன்னூரிலிருந்து சிறு அளவில் ஆர்த்தடாக்ஸ் தேயிலையை அமெரிக்காவில் உள்ள கடைகளுக்கும் தனி வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புகிறேன். கப்பலில் சரக்கு இருக்கும்போதே வரி மாறினால் யார் கட்டுவது?

2025இல் நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 2 அன்று இந்தியாவுக்கு 26 சதவீதம் என்றார்கள். ஒரு வாரத்தில் அதை நிறுத்திவைத்து 10 மட்டும் என்றார்கள். ஆகஸ்ட் 7 அன்று 25, ஆகஸ்ட் 27 அன்று 50. நவம்பர் நடுவில் தேயிலை, காபி, மசாலாப் பொருள்களை, ஏப்ரலில் அறிவித்த அந்தப் 'பரஸ்பர வரி'யிலிருந்து நீக்கினார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்பு கருப்புத் தேயிலைக்கு அங்கே வரியே கிடையாது. மார்ச்சில் விலை பேசி, செப்டம்பரில் சரக்கு இறக்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சட்டப்படி வரி கட்டுபவர் அங்குள்ள இறக்குமதியாளர். ஆனால் வாசல்வரை எல்லாச் செலவும் என்னுடையது என்று நீங்கள் விலை சொல்லியிருந்தால் அது உங்கள் தலையில். கொச்சியில் கப்பல் ஏற்றியதோடு என் பொறுப்பு முடிந்தது என்று எழுதிவிடுங்கள். கடைக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால், வரி குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் இருவரும் பாதிப் பாதி என்று ஒரு வரியாவது சேருங்கள். கப்பல் ஏற்றிய தேதிக்கும் மதிப்பு உண்டு: ஆகஸ்ட் 27க்கு முன் ஏற்றி செப்டம்பர் 17க்கு முன் அங்கே இறக்கிய சரக்குக்குக் கூடுதல் 25 சதவீதம் விலக்கப்பட்டது. சரக்கு ரசீதின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

தனி வாடிக்கையாளர் பார்சல் வேறு கதை. 800 டாலர் வரையான பார்சலுக்கு இருந்த வரிவிலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார்கள். அந்த வாரத்தில் இந்திய அஞ்சல் துறையே பெரும்பாலான அமெரிக்கப் பார்சல்களைச் சில வாரங்களுக்கு நிறுத்த நேர்ந்தது. கால் கிலோ தேயிலைக்கு வீட்டு வாசலில் வரி கேட்டால் வாடிக்கையாளர் பார்சலை வாங்காமல் திருப்பிவிடுவார். திரும்பி வரும் செலவு தேயிலையின் விலையைவிட அதிகம். ஆகவே வரியையும் சேர்த்து ஒரே விலையாகச் சொல்லும் கூரியர் வழியில் அனுப்புங்கள், அல்லது நான்கைந்து ஆர்டரை ஒரே கடைக்காரர் பெயரில் சேர்த்து அனுப்பி அங்கிருந்து பிரிக்கச் சொல்லுங்கள். எது லாபம் என்பது உங்கள் பொட்டலத்தின் எடையைப் பொறுத்தது; எடையும் விலையும் எழுதியனுப்பினால் அடுத்த முறை கணக்குப் போட்டுத் தருகிறேன்.